கயிறில்லாத நாய், கவலைப்படாத உரிமையாளர்: பொது இடத்தில் என்ன செய்யலாம்? முழு வழிகாட்டி

"பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது!"

பூங்காவிலோ குடியிருப்பு வளாகத்திலோ நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நாய் நம்மை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். சொல்பவர் முப்பது அடி பின்னால் நிற்பார். கயிறு அவர் கையில் சுருண்டிருக்கும். நாய் உண்மையிலேயே சாதுவாக இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் இடுப்பெலும்பு முறிந்து தேறி வருபவராக இருக்கலாம், சின்ன வயதில் கடிபட்டவராக இருக்கலாம், இடுப்பில் கைக்குழந்தை வைத்திருக்கலாம். தன் மேல் ஒரு நாய் ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான். நாய் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. இந்த நொடியில் அதை நிறுத்த உரிமையாளரால் முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாது என்றால், எவ்வளவு செல்லமான நாயாக இருந்தாலும் அது கட்டுப்பாட்டில் இல்லாத நாய்தான்.

எனக்கு நாய்கள் மேல் கொள்ளைப் பிரியம். அதனால்தான் இந்த அலட்சியம் இவ்வளவு கோபத்தைத் தருகிறது. ஒரு கடி விழுந்துவிட்டால் மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், நாய் பல நேரங்களில் கூண்டுக்குப் போகிறது, சில இடங்களில் உயிரையே இழக்கிறது. அதோடு அந்த வட்டாரத்தில் ஒழுங்காக நாய் வளர்க்கிற எல்லார் மேலும் சந்தேகப் பார்வை விழுகிறது. ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

இது உரிமையாளர் உள்ள நாய்களைப் பற்றிய வழிகாட்டி. தெருநாய்களைப் பராமரிப்பதற்கான ஏற்பாடுகள் வேறு. ஆனாலும் முதல் நான்கு படிகள் எந்த நாய்க்கும் பொருந்தும்.

படி 1: வருகிற நாயைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வாலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வால் ஆடுகிறது என்றால் நாய் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அது நட்பாகவும் இருக்கலாம், சண்டைக்கு முந்தைய முறுக்காகவும் இருக்கலாம். முழு உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடுப்பு வரை குழைந்து ஆடிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, நேராக வராமல் வளைந்து வளைந்து வரும் நாய் பெரும்பாலும் விளையாட வருகிறது. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று சின்னச் சின்னதாகத் துடிக்க, வாயை இறுக மூடி, வைத்த கண் வாங்காமல் நேராக வரும் நாயிடம் எச்சரிக்கை தேவை.

பயந்துபோன நாயும் கடிக்கும். உடம்பைத் தாழ்த்திக்கொள்வது, காதுகளைப் பின்னால் ஒட்டிக்கொள்வது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பியபடியே கடைக்கண்ணால் நம்மைப் பார்ப்பதால் கண்ணின் வெள்ளை அகலமாகத் தெரிவது எல்லாம் "என்னை விட்டுவிடு" என்று நாய் சொல்லும் விதங்கள். அப்போது "வாடா செல்லம்" என்று கையை நீட்டிக் குனிவது ஆபத்து.

உறுமல் கெட்ட குணம் என்று நினைத்து, உறுமும்போதெல்லாம் நாயை அடிக்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அடித்து அதை நிறுத்தினால் நாயின் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு அது சத்தமில்லாமல் கடிக்கும்.

படி 2: நாய் நெருங்கும் அந்தச் சில விநாடிகள்

ஓடாதீர்கள். அசைவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். விளையாட்டாக வந்த நாய்கூட ஓடுகிற காலைப் பார்த்தால் வேட்டை வேகத்துக்கு மாறிவிடும். ஓட்டப்பயிற்சியில் இருந்தால் வேகத்தைக் குறைத்து நின்றுவிடுங்கள். சைக்கிளில் இருந்தால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே நிறுத்துங்கள்.

நின்ற பிறகு உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். விரல்களை மடக்கி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாயின் கண்ணை நேராகப் பார்க்காமல் அதன் காலடிப் பக்கம் பார்வையை வையுங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் தூக்கிப் பிடிக்காதீர்கள், நாய் எம்பும். தூரமாக எறிந்துவிடுங்கள். கீச்சுக்குரலில் கத்துவது நாயை இன்னும் கிளப்பிவிடும். அடித்தொண்டையிலிருந்து, அழுத்தமாக, ஒரே சொல்லில் "நில்!" அல்லது "போ!" என்று சொல்லுங்கள். பெரும்பாலான நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு ஆர்வம் போய்த் திரும்பிவிடும். அது விலகியதும் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

பை, குடை, கழற்றிய சட்டை என்று எது கையில் இருந்தாலும் நடுவே நீட்டலாம். குடையைத் திடீரென விரித்தால் பல நாய்கள் நின்றுவிடும். கடிக்கப் பாய்ந்தால் கைக்குப் பதில் அந்தப் பையை வாய்க்குக் கொடுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, பிடரியில் விரல்களைக் கோர்த்து, முழங்கைகளால் முகத்தின் இருபக்கமும் மூடிக்கொள்ளுங்கள். நாய் கையைக் கவ்விக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல் பதிந்ததைவிட இழுத்ததில்தான் சதை அதிகம் கிழியும்.

குழந்தைகளுக்கு இதை வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம். "நாய் ஓடி வந்தா மரம் மாதிரி நில்லு, கையை மடிச்சுக்கோ, கீழே பாரு" என்று சொல்லி, நீங்களே நாயாக ஓடி வாருங்கள். உயரம் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி விழும் வாய்ப்பு அதிகம். அதனால் இந்தப் பயிற்சியை ஒருமுறையோடு விட்டுவிடாதீர்கள்.

படி 3: உங்கள் கையிலும் ஒரு நாய் இருந்தால்

கயிற்றோடு நடக்கும் உங்கள் நாயை நோக்கிக் கயிறில்லாத நாய் ஓடி வருவது தனிச் சிக்கல். உங்கள் நாயால் விலகிப் போக முடியாது. தப்பிக்க வழியில்லாத நாய் எதிர்க்கத்தான் செய்யும். தூரத்திலேயே பார்த்துவிட்டால் உடனே திரும்பி நடங்கள், அல்லது நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னால் போய்விடுங்கள். கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த இறுக்கம் உங்கள் நாயின் பதற்றத்தைக் கூட்டும்.

நாய் மிக நெருங்கிவிட்டால் உங்கள் நாயை முதுகுப்பக்கம் விட்டு, நீங்கள் நடுவே நின்று, உள்ளங்கையைக் காட்டி "நில்!" என்று சொல்லுங்கள். சட்டைப்பையில் நாய்க்கான தீனி இருந்தால் ஒரு கைப்பிடி அள்ளி வருகிற நாயின் முகத்துக்கு முன்னால் தரையில் எறியுங்கள். அது முகர்ந்து பொறுக்கும் நேரத்தில் நகர்ந்துவிடலாம்.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நுழைக்காதீர்கள். சண்டையை விலக்கப் போன உரிமையாளர்கள் தங்கள் நாயிடமே கடி வாங்குவது இப்படித்தான். தண்ணீரை முகத்தில் வீசுவது, மேலே துணியைப் போட்டு மூடுவது, நடுவே பலகையோ நாற்காலியோ செருகுவது என்று தொடங்குங்கள். அதிலும் பிரியாவிட்டால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கருகே பிடித்துத் தூக்கிப் பின்னால் நடந்து பிரிக்கலாம். ஒரு நாய் மற்றதைக் கவ்விப் பிடித்திருக்கும்போது மட்டும் இழுக்கக் கூடாது.

சண்டை முடிந்ததும் "காயமே இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முடியை விலக்கி விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிவதற்கு அடியில் தோல் சதையிலிருந்து பிய்ந்திருக்கும். சிறிய நாயைப் பெரிய நாய் கவ்வி உதறியிருந்தால் கட்டாயம் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

படி 4: கடித்துவிட்டால்

இந்த இடத்தில் தாமதமும் கூடாது, பேச்சும் கூடாது. உரிமையாளரோடு வாக்குவாதம் பிறகு.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் மனசுக்கு இரண்டு நிமிடமே கால் மணி நேரமாகத் தோன்றும். நாயின் எச்சிலில் இருந்து உள்ளே போன ரேபிஸ் கிருமியைக் குறைப்பதில் இந்தக் கழுவலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அயோடின் போன்ற கிருமிநாசினி போடலாம். எரிச்சலூட்டும் பொடிகள், பச்சிலைச் சாறு எதையும் அப்பாதீர்கள். மருத்துவர் பார்க்கும் முன் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய தொடர்பை 3 வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நாய் நக்கினால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை நீங்களே கேளுங்கள்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று உரிமையாளர் சொன்னால் நல்லது, சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தேதியைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் வாய்ச்சொல்லை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது வழக்கம். அது ஆரோக்கியமாக இருந்தால் மீதித் தவணைகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசி போடாமல் காத்திருப்பதுதான் தப்பு.

ரேபிஸ் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இதில் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாக வருவது. 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போடச் செய்து காப்பாற்றிய நாளிலிருந்து, கடித்த பிறகும் இதைத் தடுக்க முடியும் என்று நமக்குத் தெரியும். அந்த வழி கையில் இருக்கும்போது ஒரு தவணையைக்கூட விட்டுவிடக் கூடாது.

ரேபிஸ் மட்டும் இல்லை. கையில் விழுந்த கடி எளிதில் சீழ் பிடிக்கும். ஒரு நாளுக்குள் வீக்கமும் சிவப்பும் பரவினால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் சின்னக் கடி என்றாலும் உடனே போக வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

படி 5: உரிமையாளரிடம் பேசுவது

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பயமும் கோபமும் கலந்து "நாயை வளர்க்கத் தெரியாதா?" என்று தொடங்கினால் அவர் நாயைத் தன் பிள்ளையாக நினைத்து எதிர்வாதத்துக்கு இறங்கிவிடுவார். பேச்சு நாயின் குணத்தைப் பற்றிப் போய்விடும். உங்களுக்குத் தேவை அது இல்லை, கயிறு.

நாய் ஓடி வரும்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "சார், நாயைப் பிடிங்க. நான் தாண்டிப் போயிடறேன்." காரணம் சொல்லத் தேவையில்லை. "ஒண்ணும் பண்ணாது" என்று பதில் வந்தால், "இருக்கலாம் சார், ஆனா எனக்கு வேண்டாம். பிடிச்சுக்கோங்க" என்று அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். நாய் நல்லதா இல்லையா என்ற விவாதத்துக்குள் போகவே போகாதீர்கள்.

தினமும் பார்க்கும் ஆளாக இருந்தால், நாய் இல்லாத நேரத்தில், தனியாகப் பேசுவது பலன் தரும். நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்த பேச்சு இப்படி இருந்தது: "அக்கா, உங்க நாய் நல்ல நாய்தான். எங்க அம்மாவுக்குக் கோல் இல்லாம நடக்க முடியாது. அது மேல ஏறினா அவங்க விழுந்துடுவாங்க. காலையில ஆறிலேர்ந்து ஏழு வரைக்கும் அவங்க நடக்கற நேரம். அந்த நேரம் மட்டும் கயிறு போட்டுடுங்க." குறிப்பான ஆள், குறிப்பான நேரம், குறிப்பான கோரிக்கை. இதை மறுக்க மனம் வருவது கடினம். வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியும்படி படம் போட்டு அவமானப்படுத்தினால் அவர் திருந்துவதைவிட உங்கள் எதிரியாவதற்கே வாய்ப்பு அதிகம்.

நாயை அடிப்பது, கல்லெறிவது, விஷம் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. அது கொடுமை, குற்றமும்கூட. விஷம் யார் குழந்தையின் கைக்குப் போகும் என்று வைத்தவருக்கும் தெரியாது.

படி 6: கயிறு உங்கள் கையில் என்றால்

நாய் வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள், இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். வேலி போட்ட இடத்தில், உங்கள் நாய் இன்னொரு நாயையோ பந்தையோ நோக்கி முழு வேகத்தில் ஓடும்போது ஒரே ஒருமுறை கூப்பிடுங்கள். திரும்பி வந்தால், வேறு நாளில் வேறு இடத்தில் மறுபடி சோதியுங்கள். வராவிட்டால் பொது இடத்தில் கயிற்றை அவிழ்க்க உங்கள் நாய் இன்னும் தயாராகவில்லை. வரவேற்பறையில் கூப்பிட்டால் வருகிறது என்பது கணக்கில் சேராது. கயிறு கட்டாயம் என்று விதி உள்ள இடத்தில் எவ்வளவு பழகிய நாய்க்கும் கயிறு போட வேண்டும்.

கயிறு 4 முதல் 6 அடி நீளத்தில், பட்டையாக, கைக்கு உறுத்தாமல் இருந்தால் போதும். உள்ளே சுருண்டு வெளியே நீளும் கயிறுகள் நடைபாதையிலும் லிஃப்ட் வாசலிலும் ஆபத்தானவை. பெரும்பாலும் 15 அடிக்கும் மேல் நீளும் அந்த மெல்லிய கயிறு காலில் சுற்றினால் தோலை அறுக்கும். விரல் துண்டான சம்பவங்களும் உண்டு. லிஃப்டில் நாய் உள்ளே, உரிமையாளர் வெளியே, கதவு நடுவில் என்று ஆவதும் இந்தக் கயிற்றால்தான். லிஃப்ட் வந்ததும் நாயைச் சுவரோரமாக உட்கார வைத்து, இறங்குபவர்கள் இறங்கிய பிறகு ஏறுங்கள். உள்ளே யாராவது இருந்தால் "வரலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.

கடிக்கும் பழக்கம் உள்ள நாய்க்கு வாய்க்கூடை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடை வடிவில் உள்ளதையே வாங்குங்கள். அதில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையைப் போட்டு வெயிலில் நடத்தினால் நாய் சூட்டில் சுருண்டுவிடும், ஏனென்றால் மூச்சிரைத்துத்தான் அது உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தின்பண்டத்தைக் கூடைக்குள் வைத்து, மூக்கைத் தானாக நுழைக்கும்வரை சில வாரம் பழக்குங்கள்.

குட்டி வாங்கியவர்களுக்கு: பிறந்து 3 வாரம் முதல் 14 வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் வாழ்நாள் மனநிலையைப் பெருமளவு தீர்மானிக்கிறது. கோல் ஊன்றியவர், தலைக்கவசம் போட்டவர், சக்கர நாற்காலி, அழும் குழந்தை எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, நிதானமாக, அச்சமில்லாமல் காட்டுங்கள். தடுப்பூசித் தவணை முடியாத குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம்.

பிறகு மலம். "மண்ணுக்கு உரம்தானே" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாயின் மலத்தில் வரும் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டை, விழுந்தவுடன் தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் மலம் கரைந்து காணாமல் போயிருக்கும், முட்டை மட்டும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் இருக்கும். அந்த மண்ணில் விளையாடி விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது கண்ணைக்கூடப் பாதிக்கலாம். அதாவது, அன்றன்றைக்கே எடுத்துவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். பையை எடுக்க மறந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

வழிகாட்டி நாயோடு வருபவரைக் கண்டால் உங்கள் நாயை முன்கூட்டியே ஒதுக்கிப் பிடியுங்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் பயிற்சி பெற்ற அந்த நாய், ஒரே ஒரு தாக்குதலால் அச்சம் பிடித்து வேலைக்கே லாயக்கற்றுப் போவது உண்டு. அத்தோடு பார்வையற்ற ஒருவர் தனியாக வெளியே போகும் வசதியும் போய்விடுகிறது.

படி 7: பதிவு செய்யுங்கள், பிறகு புகார் கொடுங்கள்

இரண்டு முறை சொல்லியும் மாற்றமில்லை என்றால் எழுதத் தொடங்குங்கள். தேதி, நேரம், இடம், நாயின் நிறமும் அளவும், கயிறு இருந்ததா, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். அன்றே எழுதினால்தான் மதிப்பு.

"நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்ற புகாரை வைத்து எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, விளையாட்டுத் திடலின் கிழக்கு வாசலில், கயிறில்லாத பழுப்பு நிறப் பெரிய நாய் என் மகள் மேல் பாய்ந்து கீழே தள்ளியது. முழங்கையில் சிராய்ப்பு, படம் இணைத்துள்ளேன். இதே நாய் சென்ற வாரமும் இதே இடத்தில் ஒரு முதியவரைத் துரத்தியதை இருவர் பார்த்தனர். திடலுக்குள் இந்த நாயைக் கயிற்றோடு மட்டுமே கொண்டுவர உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரி முக்கியம். என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு வேலை எளிது.

முதலில் குடியிருப்போர் சங்கம் அல்லது பூங்கா நிர்வாகம், பிறகு உள்ளாட்சி அமைப்பு. கடி விழுந்திருந்தால் காவல் நிலையம். மருத்துவச் சீட்டு, ஊசி ரசீது எதையும் தூக்கிப்போடாதீர்கள். புகாருக்கு எண்ணோ கையொப்பமோ வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: எல்லாரும் சேர்ந்து விதி வகுப்பது

"வளாகத்தில் நாயே கூடாது" என்று தீர்மானம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. பல இடங்களில் அது சட்டப்படி நிற்காது, நின்றாலும் சண்டை மட்டுமே மிஞ்சும். விதி நாயின் நடத்தையையும் உரிமையாளரின் பொறுப்பையும் தொட வேண்டும்: பொது வழியில் கயிறு, லிஃப்டில் குட்டையாகப் பிடிப்பது, மலம் எடுக்கப் பையும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும், குழந்தைகள் விளையாடும் மணல் பகுதிக்குள் நாய் வராதிருப்பது, ஆண்டுதோறும் தடுப்பூசிச் சான்றின் நகல்.

கயிறு போடு என்று சொல்லும்போதே, நாய் அவிழ்த்து ஓட ஓர் இடமும் தர வேண்டும். ஒதுக்குப்புறத்தில் ஆளுயர வேலி போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வையுங்கள். ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறப்பதால் நாய் நழுவி ஓடாது. இடமே இல்லாவிட்டால் திடலின் ஒரு பகுதியை அதிகாலையில் ஒரு மணி நேரம் நாய்களுக்கென்று விடலாம். அந்த நேரத்தைப் பலகையில் எழுதினால் நாய்க்கு அஞ்சுபவர்கள் தங்கள் நடையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

விதி எழுதும் கூட்டத்துக்கு நாய் வளர்ப்பவர்களையும் நாய்க்குப் பயப்படுபவர்களையும் சம எண்ணிக்கையில் அழையுங்கள். முதல் மீறலுக்கு எழுத்து எச்சரிக்கை, தொடர்ந்தால் என்ன என்பதையும் அன்றே முடிவு செய்து, யாரிடம் புகார் சொல்வது என்ற தொலைபேசி எண்ணோடு லிஃப்டுக்குள்ளும் திடல் வாசலிலும் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வந்த புகார்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கூடி, எந்த விதி மீறப்படுகிறது, ஏன் என்று பார்த்து, அதை மட்டும் திருத்துங்கள்.